குத்தாத டின்

ராயபுரத்தில் ரயில்வே கேட்டுக்கும் துறைமுகத்து மதிலுக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் எண்ணெய் விற்ற அக்காவை எனக்கு ஏழெட்டு வருஷம் தெரியும். பெயர் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. வாடகைக் கார் ஓட்டிய எங்களுக்குள் அவருக்கு ஆணி அக்கா என்று பெயர். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் ஒருவனும் இல்லை.

கடை வாசல் கம்பத்தில் ஆறங்குல ஆணி ஒன்று கயிற்றில் தொங்கும். கீழே ஒரு கருங்கல். சீல் வைத்த, ஒரு காலன் அளவுள்ள டின் ஒன்றை விலைக்கு வாங்கினீர்கள் என்றால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அவர் கண் முன்னால் சீலை உடைத்து, அவர் கண் முன்னால் வண்டியில் ஊற்ற வேண்டும். கடைசிச் சொட்டு வடிகிற வரைக்கும் டின்னைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயிலோ மழையோ, பின்னால் நாலு லாரி ஹார்ன் அடித்தாலும் சரி. பிறகு டின்னின் அடியில் ஆணியை வைத்துக் கல்லால் ஓங்கி ஒரு போடு. பக்கத்திலேயே இன்னொரு போடு. இரண்டு ஓட்டை விழுந்த பிறகுதான் டின் உங்கள் கைக்கு வரும்.

உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. காலி டின் என்றால் வீட்டுப் பெண்களுக்கு உயிர். அரிசி போட்டு வைக்கலாம், குழாயடியில் தண்ணீர் பிடிக்கலாம். இரண்டு ஓட்டை போட்டால் செடி வைக்கத்தான் ஆகும். அதனால் ஆணி அக்காவைத் திட்டாத டிரைவர் வீடு ராயபுரத்தில் இல்லை. என் மனைவியும் திட்டியிருக்கிறாள். ஒருநாள் நானே கேட்டேன், எதற்கு அக்கா இந்த வேலை என்று.

“காலி டின்னுல பழைய கருப்பு எண்ணெய ரொப்பி, மூடிய ஈயம் வெச்சு ஒட்டி, புச்சுன்னு விக்கிறானுங்கோ நைனா. உள்ள கீறது கலீஜுன்னு சொல்றதுக்கு டின்னுக்கு வாயா கீது? அதான் நானே ஒரு வாய் வெச்சு அனுப்பறேன்.”

வண்டி இல்லாமல் வந்து எண்ணெய் கேட்டால் கொடுக்க மாட்டார். வண்டியைக் கொண்டு வா என்பார். கொண்டு போனால் இஞ்சினை ஓடவிட்டு, பின்னால் போய் நின்று புகையைப் பார்ப்பார். அளவு பார்க்கும் கம்பியை உருவி, அதில் ஒட்டிய எண்ணெயைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பார். பிறகு முகர்வார். நீலப் புகை விட்டால் ரிங் தேய்ந்திருக்கிறது, கெட்டி எண்ணெய் வேண்டும். புது இஞ்சினுக்கு அது ஆகாது, இளசானதுதான் ஓடிப்போய் எல்லா இடத்தையும் நனைக்கும். துறைமுகத்துக்குள் நின்று நின்று போகிற லாரிக்கு ஒன்று, எண்ணூர் வரை ஒரே ஓட்டமாகப் போகிற காருக்கு வேறொன்று. வண்டி எங்கே நிறுத்தப்படுகிறது, கடல் காற்று படுகிறதா, இதெல்லாம் கேட்ட பிறகுதான் பலகையில் இருக்கிற டின்கள் பக்கம் திரும்புவார்.

மூக்குக்காக அவர் செய்ததை நான் வேறு எந்த வியாபாரியிடமும் பார்த்ததில்லை. காலையில் பூக்காரி கொடுத்த மல்லிகையை ஈரத் துணியில் சுற்றிக் கடைக்குள் தொலைவாக வைத்துவிடுவார். மாலை கடையைச் சாத்திய பிறகுதான் தலையில் வைத்துக்கொள்வார். பூ வாசனை அடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் பொய் சொல்லுமாம்.

ஒரு கண்டிராக்டர் பெரிய காரில் வந்து, இருப்பதிலேயே கெட்டியானதைக் கொடு, விலையைப் பற்றிக் கவலை இல்லை என்றார். அக்கா புகையைப் பார்த்துவிட்டு, அது இந்த வண்டிக்கு வேண்டாம் என்றார். அவர், நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். “நீ யாருன்னு இஞ்சினுக்குத் தெரியாது சார்,” என்றார் அக்கா. அவ்வளவுதான். அவர் போய்விட்டார். அக்கா முகத்தில் ஒரு வியாபாரம் போன வருத்தம் கொஞ்சமும் இல்லை.

எனக்கும் அப்படித்தான் முதல் நாள். எண்ணெய் குறைகிறது, ஒரு காலன் கொடுங்கள் என்று போய் நின்றேன். அவர் குனிந்து வண்டிக்கடியில் பார்த்துவிட்டு, குறையவில்லை, ஒழுகுகிறது, ஒழுகுவதை அடைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். நான் தெற்கத்திக்காரன். சொந்தக்காரர் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்து, சண்டைக்காலத்தில் மிலிட்டரி லாரியில் ஓட்டக் கற்று, பழைய கார் ஒன்றை வாங்கித் துறைமுகத்து வாசலில் வாடகைக்கு நிறுத்திப் பிழைத்தவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஒரு பொம்பளை என்னைத் திருப்பி அனுப்புவதா என்று அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால் அடி நட்டில் வாஷர் கிழிந்திருந்தது.

அவர் என்ன சாமி கும்பிட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. கடையில் படம் கிடையாது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் தொங்கியது சிலுவையா தாயத்தா என்று யாரும் பார்த்ததில்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். விளக்கேற்றாமல் கடை திறக்கிறவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அவர் எண்ணெயை முகரும்போது கண்ணை மூடுகிற அந்த நேரம், கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி எங்கள் எல்லாருக்குமே பேச்சு நின்றுவிடும்.

என் மகளுக்கு நாலு வயதில் விஷக் காய்ச்சல் வந்து, இருபது நாள் கிடந்து, அம்மன் புண்ணியத்தில் எழுந்து உட்கார்ந்தாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குச் சற்று உள்ளே தள்ளி ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கே நாற்பத்தெட்டு நாள் விளக்குக்கு நல்லெண்ணெய் கொண்டு போய் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். சொம்பில் கொண்டு போனால் காரில் சிந்துகிறது. சாமிக்கு என்று எடுத்த எண்ணெய் மிதிபடுகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. மூடி திருகுகிற மோட்டார் எண்ணெய் டின் ஒன்று இருந்தால் ஒரு சொட்டு வீணாகாது.

அக்காவிடம் போய், ஒரே ஒரு டின் குத்தாமல் தாருங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். அடுத்த தடவை எண்ணெய் மாற்றும்போது கேட்டேன். பதிலாக ஆணிதான் இறங்கியது. மூன்றாம் தடவை மகளைப் பற்றியும் வேண்டுதலைப் பற்றியும் சொன்னேன். கல்லைத் தூக்கிய கை அப்படியே நின்றது. கல்லைக் கீழே வைத்தார்.

“சாமிக்குன்றே. எனக்கு மேல பேச வர்ல. ஆனா ஒன்னு. நாப்பத்தெட்டு நாளு முடிஞ்ச மறுநாளு இந்த டின்னு இங்க வந்துரணும். என் கையால குத்தணும்.”

அம்மன் மேல் ஆணையாகக் கொண்டு வருகிறேன் என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி சாம்பலும் சீயக்காயும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தாள். நான் சாவி முனையால் அடித் தகரத்தில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். நாற்பத்தெட்டு நாள் அந்த டின் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து திருவொற்றியூர் போயிற்று.

கடைசி நாள் எண்ணெயை ஊற்றிவிட்டு டின்னைக் கையில் எடுத்தேன். எடுத்த கை கூசிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் சாமிக்கென்று நேர்ந்து கொண்டு போன பாத்திரத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி. அதுவும் சுழி போட்ட டின்னின் அடியில் ஆணி இறங்கப் போகிறது. பிள்ளை எழுந்து நடக்கிற நேரத்தில் இது என்ன வேலை என்று பயமாக இருந்தது. டின்னை விளக்கு மாடத்துக்குக் கீழே வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். அங்கே சேருகிற காலி டின்களைப் பழைய தகரம் வாங்குகிறவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள் என்பதெல்லாம் எனக்கு அன்று தோன்றவில்லை.

மறுநாள் அக்கா கேட்டார். வீட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அதையே சொன்னேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. நானே அவர் கண்ணைப் பார்க்காமல் எண்ணெய் வாங்கக் கற்றுக்கொண்டேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். எங்கள் ஸ்டாண்டில் துலுக்காணம் என்று ஒருவன் இருந்தான். காசிமேட்டுக் குப்பத்துப் பிள்ளை. அவன் அப்பா படகையும் வலையையும் விற்று அவனுக்கு ஒரு பழைய கார் வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த வண்டி போனால் அவனுக்குக் கடலும் இல்லை, ரோடும் இல்லை. நல்ல பையன், வாய்தான் அதிகம். ஒருநாள் அக்கா நாலு பேர் எதிரில் அவன் கம்பியை முகர்ந்துவிட்டு, இது எண்ணெயா சாக்கடையா என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து அவன் அந்தக் கடைப் பக்கமே போவதில்லை.

அன்று காலை பத்து மணிக்கு நான் ஸ்டாண்டுக்குப் போனபோது அவன் பழைய எண்ணெயை இறக்கி, புது டின் ஒன்றைக் கவிழ்த்து முடித்திருந்தான். நிச்சயதார்த்தத்துக்கு எண்ணூர் போகிற ஒரு குடும்பம் தாம்பாளங்களோடு ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் காலி டின்னை நீட்டினான்.

“இந்தா அண்ணாத்தே, குத்தாத டின்னு. சீல் வெச்சது, வண்ணாரப்பேட்டைல ஒரு சந்துல வாங்குனேன். உன் ஆணி அக்காவ வுட்டா வேற கடையே இல்லன்னு நெனச்சிகினியா? வூட்ல குடு, அண்ணி குஷியாயிடும்.”

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அங்கே கிடைத்த ஒரு சின்ன சவாரியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, டின்னில் மீதி இருந்தால் வடியட்டும் என்று தலைகீழாகத் திருப்பினேன். அக்காவைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். கையில் விழுந்த சொட்டு மை மாதிரி இருந்தது. மேலே திரும்பியிருந்த அடித் தகரத்தில் என் பிள்ளையார் சுழி.

டின்னைத் தூக்கித் துறைமுகத்து மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. எண்ணூர் வழியில் இஞ்சின் இறுகிப்போனால் துலுக்காணம் வெயிலைத் திட்டுவான், தலையெழுத்தைத் திட்டுவான். என்னைத் திட்ட மாட்டான். இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை மறைக்க நான் இதை எழுதவில்லை. அம்மா தாயே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு காரைக் கிளப்பி அக்கா கடை வாசலில் நிறுத்தினேன்.

டின்னை நீட்டினேன். அவர் வாங்கி மூடியில் முகர்ந்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். பிறகு அடியைத் திருப்பிச் சுழியைப் பார்த்தார்.

“வூட்ல கீதுன்னியே.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் வைத்தது, பொய் சொன்னது, துலுக்காணம் கிளம்பிப் போனது. திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் கேட்டது வேறு. எத்தனை பேர் ஏறினார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று, நிறுத்தாமல் போகிறானா என்று கேட்டார். ஏழு பேர், முக்கால் மணி ஆகிவிட்டது, ஆனால் காலடிப்பேட்டையில் பூவும் பழமும் வாங்க நிற்பார்கள் என்றேன். பலகையிலிருந்து இரண்டு டின்னை எடுத்து என் காரில் வைத்தார். கம்பத்திலிருந்து ஆணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். பட்டப்பகலில் அந்தக் கடைக் கதவைச் சாத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

காசிமேடு, தண்டையார்ப்பேட்டை தாண்டினோம். அக்கா மடியில் அந்த டின். கோயிலுக்குத் திரும்புகிற சந்து வந்தது. வழக்கமாக ஒரு கையைத் தூக்கிக் கும்பிடுவேன். அன்று தூக்க முடியவில்லை.

எர்ணாவூர் கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியைக் காணோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சகஸ்ரநாமத்தில் தெரிந்த வரியை எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா இறங்கிப் போய் ரோட்டில் குந்தி உட்கார்ந்தார். மண்ணில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. ஒன்றைத் தொட்டு முகர்ந்துவிட்டு வந்து ஏறினார்.

“அவந்தான். இங்க நின்னுட்டுப் போயிருக்கான். ஈரம் காயல.” கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், “குத்தாம வுட்டது நான்,” என்றார்.

கேட்டைத் தாண்டி ஒரு மைலில் சவுக்குத் தோப்போரமாக வண்டி தெரிந்தது. நின்றிருக்கவில்லை. ஊர்ந்துகொண்டிருந்தது. காந்தல் வாடை எங்கள் வரைக்கும் வந்தது. பக்கத்தில் போனதும் இஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியால் தட்டுகிற மாதிரி டக் டக்கென்று சத்தம். நான் முந்திப்போய் குறுக்கே நிறுத்தினேன். துலுக்காணம் தலையை வெளியே நீட்டினான்.

“இன்னா அண்ணாத்தே பேஜாரு இது? பொண்ணு வூட்ல காத்துகினு கீறாங்கோ. எண்ணூர் போயி பாத்துக்கலாம், வழிய வுடு.”

அக்கா இறங்கி அவன் ஜன்னலோரம் போனார். “ஆஃப் பண்ணு. இன்னும் ஒரு மைலு ஓட்டுனா நீ கடலுக்குத்தான் போவணும். போறதுக்கும் உங்கையில படகு இல்ல.”

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆஃப் செய்தான்.

பானெட்டைத் திறந்தால் அனல். நிச்சயத்துக்குப் போகிறவர்கள் தாம்பாளங்களோடு சவுக்கு நிழலில் உட்கார்ந்து, நல்ல நேரம் போகிறது என்று எங்கள் மூவரையும் ஏசினார்கள். ஒரு கிழவர் மட்டும், நின்றதே நல்ல நேரம்தான், சும்மா இருங்கள் என்றார். சூடு தணிகிற வரை அக்கா யாரையும் தொடவிடவில்லை. பிறகு அடி நட்டைக் கழற்றினோம். கறுப்பாக, நடுவில் தண்ணீர் முத்துக்களோடு, மணலில் கொட்டியது. அவர் அதில் விரல் நுனியால் தொட்டெடுத்துத் துலுக்காணத்தின் விரல்களுக்கிடையே வைத்துத் தேய்க்கச் சொன்னார். நறநறவென்று பொடி. ஒரு டின்னில் பாதியை ஊற்றி, இஞ்சினைக் கிளப்ப முன்பக்கம் செருகுகிற ஹாண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றி அலசி, அதையும் இறக்கிவிட்டு, மற்ற டின்னை முழுதாக ஊற்றினோம்.

துலுக்காணம் ஹாண்டிலைப் போட்டான். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டான். இருமிவிட்டு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது.

ஓடியது. ஆனால் அந்த டக் சத்தம் முழுக்கப் போகவில்லை. அக்கா பானெட்டில் கை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு பேரிங் அடி வாங்கிவிட்டது, பதமாக ஓட்டினால் ஓடும் என்றார்.

துலுக்காணத்துக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்த டின்னைக் குத்தாமல் வெளியே விட்டவன் கை விளங்குமா என்று ஆரம்பித்தான். அக்கா வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, நான்தான் என்றேன். கோயில் கதையையும் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான்.

“அம்மனுக்கு வெளக்கு போட்ட. எனக்குப் பொகை போட்டியே அண்ணாத்தே.”

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்கா இடுப்பிலிருந்து ஆணியை எடுத்தார். டின்னைக் கவிழ்த்து மணலில் வைத்தார். வழியில் கிடந்த ஒரு கல்லை டின் பக்கமாகக் காலால் தள்ளினார். அவர் குத்துவார் என்று நினைத்தேன். ஆணியை என்னிடம் நீட்டினார்.

ஆணியை வாங்கி டின்னின் ஓரத்தில் வைத்தேன். நடுவில் வைக்க எனக்குக் கை வரவில்லை. சுழி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

“அது மேலயே குத்து,” என்றார். “அதுல உஞ்சாமி கீதுன்னா, அவருதான் இத்தினி பேரு கையி தாண்டி உங்கிட்டயே திருப்பி அனுப்பிகீறாரு. குத்து.”

குத்தினேன். ஆணி சுழியின் வட்டத்துக்குள் இறங்கியது. இன்னொன்று என்றார். அதையும் குத்தினேன். அவர் டின்னைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

அதில் என் மனைவி துளசி வைத்தாள். என் மகள்தான் தண்ணீர் ஊற்றுவாள். துலுக்காணம் அந்த வண்டியை இன்னும் மூன்று வருஷம் ஓட்டினான். ஸ்டாண்டுக்கு அது வருகிறபோதெல்லாம், அவன் முகம் தெரிவதற்கு முன்னால் அந்த டக் டக் எனக்குக் கேட்டுவிடும். அவன் எதுவும் நடக்காத மாதிரி பீடி கேட்பான். அதற்குப் பிறகு எண்ணெயும் அக்காவிடம்தான் வாங்கினான்.

அக்கா அந்த நாளைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வண்டி போய் நின்றால் முன் போலவே புகையைப் பார்ப்பார், கம்பியை முகர்வார், எண்ணெயைத் தேர்ந்து கொடுப்பார். கடைசிச் சொட்டு வடிகிற வரை அவரே டின்னைக் கவிழ்த்துப் பிடிப்பார். மற்றவர்கள் டின்னை எல்லாம் அவர் கையாலேயே குத்துவார். என் டின்னுக்கு மட்டும் ஆணியைக் கயிற்றோடு என் பக்கம் நீட்டுவார். ஒருமுறையாவது அவரே குத்துவார் என்று கல்லை எடுக்காமல் நான் நின்று பார்த்திருக்கிறேன். நீட்டிய கை அப்படியே இருக்கும். கடைசியில் நான்தான் கல்லை எடுப்பேன்.